சலவைக்கல்லுக்கு எவ்வளவு சலவை வேண்டும்?

குளியலறை வாசலுக்கு வெளியே, வெள்ளை மார்பிள் தரையில் ஒரு வளையம் இருந்தது. கழிப்பறை கழுவும் திரவத்தின் பாட்டிலை அங்கே வைத்துவிட்டு, போன் அடிக்கிறதே என்று உள்ளே போயிருந்தேன். மூடியோரம் வழிந்த சொட்டு பாட்டிலின் பக்கவாட்டில் இறங்கி, அடிப்பாகத்தைச் சுற்றித் தேங்கியிருக்கிறது. பேசி முடித்து வரக் கால் மணி நேரம் ஆகியிருக்கும். பாட்டிலை எடுத்து ஈரத்துணியால் துடைத்தேன். ஈரம் காய்ந்த பிறகும் வளையம் அப்படியே இருந்தது.

கறை படிந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். கறை என்றால் தேய்த்தால் போகும் என்று கைக்குப் பழக்கம். பாத்திரம் தேய்க்கும் பச்சை நாரை எடுத்துத் தேய்த்தேன். போகவில்லை. சோடா மாவைக் குழைத்துத் தேய்த்தேன். அதற்கும் போகவில்லை. அப்புறம், எப்போதோ யாரோ சொன்ன நினைவில், எலுமிச்சை மூடி ஒன்றை எடுத்து அழுத்தித் தேய்த்தேன். மறுநாள் காலையில் பார்த்தால், வளையம் இருந்த இடத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வட்டம்.

குனிந்து, கிட்டத்தட்டத் தரையோடு கன்னத்தை வைத்துப் பார்த்தேன். சுற்றிலும் உள்ள கல்லில் ஜன்னல் கம்பிகள் ஒவ்வொன்றும் தெளிவாகத் தெரிந்தன. அந்த வட்டத்தின் விளிம்புக்கு வந்ததும் கம்பி அறுந்து, உள்ளே வெறும் வெளுப்பு. விரல் நுனியால் தடவினால், மற்ற இடங்களில் வழுக்கிப்போகும் விரல் அங்கே மட்டும் லேசாகப் பிடித்தது.

கல் பாலிஷ் போடும் பெரியவர் ஒருவரை அழைத்து வந்தேன். அவர் மெஷினைக் கையிலேயே எடுக்கவில்லை. ஒரு குவளைத் தண்ணீர் கேட்டார். அதை வட்டத்தின் மேல் ஊற்றினார். வட்டம் மறைந்துவிட்டது! நான் சந்தோஷப்பட்டதைப் பார்த்து, "இருங்கம்மா" என்று சொல்லித் துணியால் ஒற்றி எடுத்தார். காயக் காய வட்டம் திரும்பி வந்தது.

"இது கறை இல்லைம்மா. கறையா இருந்தா தண்ணிக்குள்ளயும் தெரியும். இங்க மேல எதுவும் வந்து ஒட்டலை. கல்லுதான் கொஞ்சம் போயிருக்கு."

"தேய்ச்சா போகாதா அண்ணே?"

"நீங்க தேய்ச்சதுலதாம்மா இவ்வளவு பெருசாச்சு."

அன்றிலிருந்து கல்லைப் பற்றித் தேடித் தேடிப் படிக்கிறேன், தெரிந்தவர்களிடம் கேட்கிறேன், வீட்டில் செய்து பார்க்கிறேன். படித்ததிலும் பட்டதிலும் எனக்கு உறுதியாகிவிட்ட விஷயம் ஒன்று உண்டு. வீட்டிலுள்ள கல் தரைகள் அழுக்கால் கெடுவதைவிட, அழுக்கை எடுக்கிறோம் என்று நாம் செய்யும் வேலையால்தான் அதிகம் கெடுகின்றன. தமிழில் மார்பிளுக்குச் சலவைக்கல் என்று பெயர். அந்தப் பெயரை நம்பி அதை வெளுத்து வாங்கக் கூடாது.

மார்பிள் என்பது சுண்ணாம்புக்கல்தான். பூமிக்கு அடியில் வெப்பத்திலும் அழுத்தத்திலும் கிடந்து, அதன் துகள்கள் மறுபடி படிகங்களாகி, ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு இறுகியது மார்பிள். உருவம் மாறினாலும் சரக்கு மாறவில்லை. பெரும்பகுதி கால்சியம் கார்பனேட்தான். அமிலம் பட்டால் கால்சியம் கார்பனேட் கரைந்து, கரியமில வாயுவை விடும். பள்ளிக்கூட ஆய்வகத்தில் சுண்ணாம்புக்கல் துண்டின் மேல் அமிலத்தை ஊற்றியபோது நுரைத்ததே, அதே வேலைதான் பாலிஷ் போட்ட தரையிலும் நடக்கிறது. பளபளப்பு என்பது கல்லின் மேல் பூசிய பொருள் எதுவும் இல்லை. படிகங்களின் தலையை ஒரே மட்டமாகத் தேய்த்து வைத்திருப்பதால் வெளிச்சம் நேராகத் திரும்புகிறது, அவ்வளவுதான். அமிலம் அந்த மட்டத்தைக் குலைத்ததும் வெளிச்சம் சிதறி, அந்த இடம் வெளுத்துத் தெரிகிறது. தண்ணீர் ஊற்றினால் நுண்ணிய பள்ளங்கள் நிரம்பி மறுபடி மட்டமாகிவிடும். அதனால்தான் ஈரத்தில் வட்டம் மறைந்தது.

கழிப்பறைத் திரவங்கள் பலவற்றில் இருப்பது ஹைட்ரோகுளோரிக் அமிலம். அது ஆபத்து என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் எலுமிச்சைச் சாறு, வினிகர் இரண்டின் பி.ஹெச் அளவும் 2-இலிருந்து 3-க்குள்தான் இருக்கும். நடுநிலை என்பது 7. இந்த அளவுகோலில் ஒவ்வொரு எண் இறங்கும்போதும் அமிலத்தன்மை 10 மடங்கு ஏறுகிறது. "ரசாயனம் வேண்டாம், இயற்கையான வினிகர் போதும்" என்று தரைக்குச் சொல்லப்படும் யோசனைகளைப் பார்க்கும்போது எனக்கு மனசு பதறுகிறது. செராமிக் டைல்ஸுக்கு அது சரியாக இருக்கலாம். மார்பிளுக்கும் மற்ற சுண்ணாம்பு வகைக் கற்களுக்கும் இயற்கை அமிலம், செயற்கை அமிலம் என்ற பேதமெல்லாம் கிடையாது.

இந்தத் தவறு வீடுகளில் மட்டும் நடப்பதில்லை. மைக்கேலாஞ்சலோ 1501-இலிருந்து 1504 வரை ஒரே மார்பிள் பாளத்தில் செதுக்கிய தாவீது சிலை, 1873 வரை ஃபிளாரன்ஸ் நகரச் சதுக்கத்தில் வெயிலிலும் மழையிலும் நின்றது. இடையில் 1843-இல் அதைச் சுத்தம் செய்ய ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைப் பயன்படுத்தினார்கள். அழுக்கு போனது; கூடவே மேல்தோலும் சேதமானது. சிலையின் 500-ஆம் ஆண்டை ஒட்டி 2003, 2004-இல் மறுபடி சுத்தம் செய்தபோது எடுத்துக்கொண்டது காய்ச்சி வடித்த தண்ணீர், காகிதக்கூழ், களிமண். அவற்றைக் குழைத்துப் பற்றுப் போட்டு அழுக்கை உறிஞ்சி எடுத்தார்கள். அதைக்கூடச் செய்ய வேண்டுமா, உலர்ந்த தூரிகை போதாதா என்று கலை உலகில் பெரிய விவாதம் நடந்தது. தாஜ்மஹாலின் மக்ரானா மார்பிள் பழுப்பேறியபோது இந்தியத் தொல்லியல் துறை 1994 தொடங்கிப் பல முறை செய்ததும் இதேதான். முல்தானி மட்டியைக் குழைத்துப் பூசி, காயவிட்டு, தண்ணீரால் கழுவி எடுத்தார்கள். எவ்வளவோ வசதி உள்ளவர்களே கடைசியில் மண்ணுக்கும் தண்ணீருக்கும்தான் வந்து சேர்கிறார்கள்.

சரி, அன்றாடத்துக்கு வருகிறேன். தரையின் நிரந்தர எதிரி அமிலம்கூட இல்லை, மணல். 1812-இல் ஃபிரெட்ரிக் மோஸ் என்ற கனிமவியலாளர் வகுத்த கடினத்தன்மை அளவுகோலில் மார்பிளின் கால்சைட், அதாவது கால்சியம் கார்பனேட் படிகம், 3-ஆம் இடத்தில் இருக்கிறது. மணலில் பெரும்பாலும் இருக்கும் குவார்ட்ஸ் 7-ஆம் இடம். எண் ஏற ஏறக் கடினமும் ஏறும். செருப்பின் அடியில் ஒட்டி வரும் ஒவ்வொரு மணலும் மார்பிள் மேல் நடக்கும் ஒரு சின்ன உளி. வாசலிலிருந்து உள்ளே போகும் வழியில் மட்டும் பளபளப்பு செத்து, சுவரோரங்களில் புதிதுபோல் மின்னுவதை எந்தப் பழைய மார்பிள் தரையிலும் பார்க்கலாம். வாசலுக்கு வெளியே ஒரு கால்மிதி, உள்ளே ஒரு கால்மிதி, இரண்டையும் அடிக்கடி உதறுவது. இதைவிட மலிவான பராமரிப்பு எனக்குத் தெரிந்து இல்லை. அடியில் ரப்பர் ஒட்டிய கால்மிதியாக இருந்தால் அதைத் தூக்கிக் காயவிட வேண்டும். அடியில் ஈரம் தங்கி நிறம் பிடித்துவிடும்.

ஈரத்துணி போடுவதற்கு முன் கூட்டியே ஆக வேண்டும். மணல் இருக்கும்போதே மாப் போட்டால், உப்புத்தாள் வைத்துத் தேய்த்த மாதிரிதான். மென்மையான துடைப்பமோ உலர்ந்த மைக்ரோஃபைபர் மாப்போ போதும். வாக்யூம் வைத்திருப்பவர்கள், சுழலும் பிரஷ்ஷை நிறுத்திவிட்டு, சக்கரத்தில் கல் ஒட்டியிருக்கிறதா என்று ஒரு தரம் பார்த்துக்கொள்ளலாம். நாற்காலிக் கால்களுக்கு ஃபெல்ட் வட்டங்கள் ஒட்டினால், அவற்றையும் ஆறு மாதத்துக்கு ஒரு தரம் திருப்பிப் பாருங்கள். என் வீட்டு நாற்காலியின் ஃபெல்ட்டுக்குள் ஒரு கூழாங்கல் துணுக்கு புதைந்து, சின்ன உளியாகவே மாறியிருந்தது. மேஜையடியில் அது போட்ட அரைவட்டக் கீறல் இப்போதும் இருக்கிறது.

துடைக்கும்போது நான் இரண்டு பக்கெட் வைத்துக்கொள்கிறேன். ஒன்றில் நல்ல தண்ணீரும் சில சொட்டு நடுநிலை திரவமும், இன்னொன்றில் மாப்பை அலசும் தண்ணீர். ஒரே பக்கெட்டில் மூன்று அறையைத் துடைத்தால், மூன்றாவது அறைக்கு முதல் அறையின் அழுக்கைப் பூசுகிறோம். கல்லுக்கு என்றே பி.ஹெச் நடுநிலை எனக் குறிப்பிட்டு விற்கும் திரவங்கள் நல்லவை. பெரும்பாலான நாட்களில் வெறும் தண்ணீரே எனக்குப் போதுமாக இருக்கிறது. குளியல் சோப்பைக் கரைத்துத் துடைப்பவர்கள் உண்டு. கடின நீரிலுள்ள கால்சியத்தோடு சோப்பு சேர்ந்து, தண்ணீரில் கரையாத ஒரு மெல்லிய படலமாகத் தரையில் உட்கார்ந்துவிடும். துடைத்தபிறகும் தரை மங்கலாக இருக்கிறதே என்று மேலும் சோப்பு போட்டால் மேலும் மங்கும். வாசனைக்காக அளவில்லாமல் ஊற்றும் எந்தத் திரவமும் இப்படி ஏதாவது மிச்சம் வைக்கும்.

கடைசியாக, காய்ந்த துணியால் ஒரு தரம். பலரும் விடுவது இந்த வேலையைத்தான். தரையைத் தானாகக் காயவிட்டால் தண்ணீரிலிருக்கும் உப்புகள் கல்லிலேயே தங்கி, புள்ளி புள்ளியாகத் தெரியும். அந்தப் புள்ளியை எடுக்கத்தான் ஆட்கள் வினிகரைத் தேடிப் போகிறார்கள்.

எல்லாக் கல்லும் மார்பிள் மாதிரி இல்லை. கிரானைட்டில் குவார்ட்ஸும் ஃபெல்ட்ஸ்பாரும் இருப்பதால் எலுமிச்சை, வினிகருக்கெல்லாம் அசையாது. எண்ணெய்க்கு மட்டும் கொஞ்சம் பயப்பட வேண்டும். துரு எடுக்கும் சில திரவங்களில் இருக்கும் ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் கிரானைட்டையும் அரிக்கும். மனிதருக்கும் அது மிக ஆபத்து. டிராவர்ட்டைன், ஆனிக்ஸ், சுண்ணாம்புக்கல் எல்லாம் மார்பிளின் சொந்தக்காரர்கள். கறுப்பாக இருப்பதால் கடப்பாக் கல்லைக் கிரானைட் கணக்கில் சேர்த்துவிடுகிறார்கள். அதுவும் சுண்ணாம்புக்கல்தான், புளிப்பு பட்டால் சாம்பல் திட்டாகிவிடும். உங்கள் கல் எது என்று தெரியாவிட்டால், அலமாரிக்கு அடியில் கண்ணுக்குப் படாத மூலையில் ஒரு சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டு, ஐந்து நிமிடம் கழித்துத் துடைத்துப் பாருங்கள். மங்கினால் சுண்ணாம்பு வகை. ஒரு சொட்டு போதும்.

இனி சீலர். இதில் நிறையப் பேர் ஏமாந்துபோகிறார்கள், நானும்தான். சீலர் போட்டால் கல்லுக்கு எதுவும் ஆகாது என்று நம்பியிருந்தேன். இன்று கல்லுக்குப் பரவலாகப் போடுவது ஊடுருவும் சீலர். அது கல்லின் துளைகளுக்குள் இறங்கி, தண்ணீரும் எண்ணெயும் உள்ளே போகாமல் தடுக்கும். அதாவது கறைக்குக் காவல். மேற்பரப்பு திறந்தேதான் கிடக்கிறது. அமிலம் அங்கே பட்டால் சீலர் ஒன்றும் செய்யாது. அந்த வளையம் விழுந்ததும் சீலர் போட்ட தரையில்தான். போட வேண்டிய நேரம் வந்ததா என்று தெரிந்துகொள்ள, தரையில் ஒரு கரண்டித் தண்ணீரை விட்டு 10, 15 நிமிடம் காத்திருந்து துடைக்க வேண்டும். அந்த இடம் கறுத்திருந்தால் கல் குடிக்கிறது என்று அர்த்தம். போடும்போது மெல்லியதாகப் பூசி, கல் இழுத்தது போக மிச்சத்தை ஈரம் இருக்கும்போதே துடைத்துவிட வேண்டும். விட்டுவிட்டால் பிசுபிசுப்பாக இறுகி, அதை எடுப்பது தனி வேலையாகிவிடும்.

உண்மையான கறை வந்தால் என்ன செய்வது? அதற்குப் பற்றுதான் வழி. தையல் மெஷினுக்கு எண்ணெய் விட்டபோது சிந்தியதை இரண்டு நாள் கவனிக்காமல் விட்டு, கையளவு கறுத்த திட்டு ஒன்று எனக்குக் கிடைத்தது. தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன்; மறையவில்லை. அப்படியென்றால் கறைதான், கல்லுக்குள் இருக்கிறது. மேலே தேய்த்து அதை எட்டவே முடியாது.

முல்தானி மட்டியை அசிட்டோனில், அதாவது நகப்பூச்சை அழிக்கப் பயன்படும் திரவத்தில், குழைத்துக்கொண்டேன். ஜன்னல்களை எல்லாம் திறந்து வைத்து, நெருப்பு எதுவும் பக்கத்தில் இல்லாமல், கையுறை போட்டுத்தான். அசிட்டோன் சட்டென்று தீப்பிடிக்கும். பற்பசைப் பதம் வந்ததும், கறையைத் தாண்டி இரண்டு விரல் அகலம் வெளியே வரும்படி, அரை சென்டிமீட்டர் கனத்துக்கு அப்பினேன். மேலே பிளாஸ்டிக் தாளைப் போர்த்தி, ஓரங்களை டேப்பால் ஒட்டினேன். 24 மணி நேரம் அப்படியே விட்டேன். அந்த நேரத்தில் அசிட்டோன் உள்ளே இறங்கி எண்ணெயை இளக்குகிறது. மறுநாள் தாளை எடுத்துவிட்டுப் பற்றைக் காயவிட்டேன். பாதி காயும்போதே சுரண்டிப் பார்க்கலாமா என்று கை துடிக்கும். கூடாது. காயும்போதுதான் திரவம் கல்லிலிருந்து மண்ணுக்கு ஏறுகிறது, எண்ணெயும் கூடவே ஏறுகிறது. முழுதும் காய்ந்து வெடிப்பு விட்ட பிறகு பிளாஸ்டிக் அட்டையால் மெதுவாகத் தூக்கினேன். அடிப்பக்கம் மஞ்சள் பூத்திருந்தது. திட்டு பாதியாக வெளிறியிருந்தது. மூன்றாவது பற்றுக்குப் பிறகு, எங்கே இருந்தது என்று நான்தான் காட்ட வேண்டும் என்ற நிலைக்கு வந்தது.

காபி, மை, இலைச்சாறு மாதிரிக் கறைகளுக்கு அசிட்டோனுக்குப் பதில் ஹைட்ரஜன் பெராக்சைடு. வெளிர் நிறக் கல்லுக்கு மட்டும். கறுப்புக் கல்லை அது வெளுக்க வைத்துவிடலாம். துருக்கறை கல்லில் ஊறிவிட்டால் வீட்டு வைத்தியம் அதற்குப் போதாது, தெரிந்தவர்களிடம் விடுவது நல்லது. எதைக் கலந்தாலும் ஒன்று நினைவிருக்கட்டும்: பிளீச்சோடு அமிலம் சேர்ந்தால் குளோரின் வாயு வரும், அமோனியா சேர்ந்தாலும் நச்சு வாயு வரும். மூடிய குளியலறையில் இது உயிருக்கே ஆபத்து.

தரையில் மாவு தூவியது மாதிரி வெள்ளைப் பொடி கிளம்பினால், அது அழுக்கு கிடையாது. அடியிலிருந்து ஈரம் ஏறி வரும்போது உப்பைக் கரைத்துக் கொண்டுவந்து மேலே விட்டுவிட்டு ஆவியாகிறது. உலர்ந்த பிரஷ்ஷால் எடுங்கள். தண்ணீர் ஊற்றினால் உப்பு கரைந்து மறுபடி உள்ளே போகும். ஈரம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்காமல் அதன்மேல் சீலர் போட்டால், உப்பு வெளியே வர வழியில்லாமல் கல்லையே செதில் செதிலாக உரிக்கும்.

அந்த வட்டத்துக்கு வருகிறேன். பெரியவர் வட்டத்தை மட்டும் தேய்க்கவில்லை. அதைச் சுற்றி ஒரு முழக் கல்லையும் சேர்த்துத் தேய்த்தார். வட்டத்தை மட்டும் தேய்த்தால் அங்கே குழி விழுந்து, வெளிச்சத்தில் காட்டிக்கொடுக்குமாம். 400-ஆம் எண் வைரப் பேடில் தொடங்கி 800, 1500, 3000 என்று தண்ணீர் விட்டு விட்டு ஏறினார். ஒவ்வொரு எண்ணும் முந்தையது போட்ட கோடுகளை அழித்து, தன்னுடைய நுண்ணிய கோடுகளைப் போடுகிறது. ஒன்றைத் தாண்டிப் போனால் பழைய கோடு கடைசி வரை தெரியும். பேடைச் சுற்றிப் பால் மாதிரி ஒரு குழம்பு வழிந்துகொண்டே இருந்தது. தொட்டுப் பார்த்தேன், மாவு மாதிரி வழவழப்பு.

"அதுதாம்மா உங்க தரை. பத்து வருஷம் நடந்து தேயறதை இப்ப ஒரு மணி நேரத்துல எடுத்திருக்கோம். அதனால வருஷா வருஷம் பாலிஷ் போடுங்கன்னு யாராவது சொன்னா வேண்டாம்னு சொல்லிடுங்க."

பாலிஷ் போட்டுப் பிழைக்கிறவர் இதைச் சொன்னது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. கடைசியில் மெருகுப் பொடியைத் தூவி, ஈரத்தோடு சுற்றச் சுற்ற, ஜன்னல் கம்பிகள் ஒவ்வொன்றாகத் தரைக்குத் திரும்பி வந்தன.

கழிப்பறைத் திரவத்தின் பாட்டில் இப்போது ஒரு பிளாஸ்டிக் தட்டில்தான் நிற்கிறது. எதுவும் சிந்தினால் தேய்க்காமல் ஒற்றி எடுக்க, பழைய பருத்தித் துணிகள் குளியலறை ஆணியில் தொங்குகின்றன. இன்று காலை அதே இடத்தில் ஒரு கரண்டித் தண்ணீர் விட்டுக் கால் மணி நேரம் பார்த்தேன். குமிழாகவே நின்றது. துடைத்ததும் கல்லில் கறுப்பு இல்லை. சீலருக்கு இன்னும் நாள் இருக்கிறது.